அரைவயிற்றில் வாழும் பேட்டரி

தேவகோட்டைப் பக்கம் இருக்கும் சித்தப்பா வீடு எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. செட்டிநாட்டில் இது அதிசயமில்லை, பூட்டிக் கிடக்கும் வீடுதான் அதிகம். சென்னைக்குக் கிளம்பும்போது சித்தப்பா ஞாபகமாக மெயினை இறக்கிவிட்டார். இன்வெர்ட்டரை அணைக்கத்தான் மறந்துபோனார். மெயின் இறங்கியதும் இன்வெர்ட்டர் என்ன நினைக்கும்? கரண்ட் போய்விட்டது, இனி வீட்டைத் தாங்குவது நம் பொறுப்பு என்று நினைக்கும். ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் அது தன்னை விழித்த நிலையில் வைத்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி அப்படியே ஒரு வாரத்தில் காலி. மிச்சம் ஏழே முக்கால் மாதமும் வெறும் வயிற்றோடு கிடந்திருக்கிறது.

நான் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் டெர்மினல்மேல் பூத்திருந்த பச்சையும் வெள்ளையுமான பொடியைத் துடைத்தார். பிறகு ஒவ்வொரு மூடியாகத் திறந்து ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினார். மிதவை எழவே இல்லை. 1.240 காட்ட வேண்டிய கிராவிட்டி 1.100க்கும் கீழே. சார்ஜில் போட்டோம். ஐந்து நிமிடத்தில் வோல்ட்டேஜ் 15ஐ நெருங்கியது, இன்வெர்ட்டர் ‘ஃபுல்’ என்று பச்சை விளக்கைக் காட்டியது. எனக்கு மகிழ்ச்சி. அவர் சிரித்தார். “போட்ட உடனே ஃபுல்லுன்னு காட்டும்ணே. ஒரு ஃபேனைப் போடுங்க, பத்து நிமிஷத்துல அலறும்.” அப்படியே அலறியது. வாங்கிப் பதினாலு மாதமே ஆன பேட்டரி. “இது உழைச்சுத் தேஞ்சதில்ல, பட்டினி கிடந்து செத்தது” என்றார்.

மின்வேதியியல் பாடப் புத்தகம் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நிலையாக ஓரிடத்தில் வைக்கும் ஈய பேட்டரிகளில் பலவும் வேலை செய்து சாவதில்லை, சரியாகச் சாப்பிடாமல்தான் சாகின்றன. லெட் கார்பன் பேட்டரி என்று இப்போது சூரியமின் கடைகளில் விற்கிறார்களே, அது பிறந்ததே இந்தப் பட்டினி நோய்க்கு மருந்தாகத்தான். மருந்து வேலை செய்கிறது. ஆனால் அதற்குப் பத்தியம் உண்டு. அந்தப் பத்தியத்தை விற்பவர் பலரும் சொல்வதில்லை.

ஈய பேட்டரியை 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே செய்து காட்டினார். உள்ளே இருப்பது மூன்றே பொருள். ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் ஈய ஆக்ஸைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளுமே ஈய சல்பேட் என்ற வெள்ளைப் பொருளாக மாறும், அமிலம் தண்ணீராக நீர்க்கும். ஹைட்ரோமீட்டர் மிதவை அமுங்கியதன் காரணம் இதுதான். சார்ஜ் செய்யும்போது இதெல்லாம் திரும்பி நடக்கும். சல்பேட் கரையும், ஈயம் ஈயமாகும், அமிலம் கெட்டிப்படும்.

அந்தக் ‘கரையும்’ என்ற சொல்லில்தான் சிக்கல். ஈய சல்பேட் அமிலத்தில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். புதிதாகப் பிறந்த சல்பேட் படிகங்கள் மிகச் சிறியவை, மேற்பரப்பு அதிகம், சார்ஜ் வந்ததும் கரைந்துவிடும். அவற்றை அப்படியே விட்டுவைத்தால் சின்னப் படிகங்கள் மெல்லக் கரைந்து பெரிய படிகங்களின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்களுக்கு இது புதிதல்ல. பாகைச் சட்டியில் ஊற்றி, உள்ளே நூல் கட்டி, அசைக்காமல் நாற்பது நாள்போல வைத்துவிடுவார்கள். பாகில் கரைந்திருந்த இனிப்பு நூலைப் பற்றிக்கொண்டு கட்டி கட்டியாக விளையும். சர்க்கரையைக் காப்பியில் போட்டால் ஒரு கலக்கலில் கரைகிறது, கற்கண்டைப் போட்டால் காப்பி ஆறும்வரை டம்ளரின் அடியில் கிடக்கிறது. சித்தப்பா வீட்டுப் பேட்டரிக்குள் எட்டு மாதம் விளைந்தது அந்தக் கற்கண்டுதான். தகட்டை அது மூடிக்கொண்டதால் மின்சாரம் உள்ளே இறங்க வழியில்லை. வழி இல்லாததால்தான் வோல்ட்டேஜ் மட்டும் சட்டென்று ஏறி, ‘ஃபுல்’ என்று பொய் சொன்னது.

இது முழுப் பட்டினியில் மட்டும் நடப்பதல்ல. அரைப் பட்டினியிலும் நடக்கும், மெதுவாக. சூரியமின் தகடு போட்டு, கரண்ட் லைன் இல்லாமல் வாழும் தோட்டத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் பேட்டரி மதியத்துக்குள் நிரம்பிவிடும். ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். பகலில் அரைவயிறு நிரம்பும், இரவில் அதையும் எடுத்துவிடுவோம். மறுநாளும் அப்படியே. வாரக்கணக்கில் நிரம்பாமலே ஓடும் பேட்டரியில் நெகட்டிவ் தகடுதான் முதலில் கெட்டிப்படும். சூரியமின்சாரத்திலும் காற்றாலையிலும் ஈய பேட்டரி சீக்கிரம் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கேதான் லெட் கார்பனின் கரி உள்ளே வருகிறது. ஈயத் தகட்டில் கரி சேர்ப்பது பழைய வழக்கம். நெகட்டிவ் தகட்டின் பசையில் கால் சதவீதம்போலக் கரித்தூள் எப்போதும் கலந்தே வந்தது. 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த அளவைப் பல மடங்கு கூட்டிப் பார்த்தார்கள். அரைவயிற்றில் ஓட்டினாலும் தகடு கெட்டிப்படுவது வெகுவாகத் தள்ளிப்போனது. அதன்பின் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் லான் லாம் தலைமையிலான குழு இன்னொரு படி தாண்டியது. நெகட்டிவ் தகட்டின் ஒரு பகுதியை ஈயமாகவும் இன்னொரு பகுதியைக் கரி மின்தேக்கியாகவும் ஆக்கி ‘அல்ட்ராபேட்டரி’ என்று பெயர் வைத்தார்கள். அதைப் பொருத்திய ஹோண்டா இன்சைட் கார் ஒன்று 2008 ஜனவரியில் இங்கிலாந்தின் மில்புரூக் சோதனைத் தடத்தில் 1,60,000 கிலோமீட்டரை முடித்தது. பிறகு அதே வகை பேட்டரி தரையில் நிலையாக உட்கார்ந்தது. டாஸ்மேனியாவுக்கு வடமேற்கே கடலில் இருக்கும் கிங் தீவில், காற்றாலையும் டீசல் எஞ்சினும் சேர்ந்து ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் இடத்தில், 3 மெகாவாட் பேட்டரி அமைப்பாக.

கரி உள்ளே என்ன செய்கிறது? கேட்டால் ஆய்வாளர்கள் இன்றும் ஒரே குரலில் பதில் சொல்வதில்லை. மூன்று வேலைகளைச் சொல்கிறார்கள். சல்பேட் மின்சாரத்தைக் கடத்தாது, கரி கடத்தும், ஆகவே வெள்ளைப் படிகங்களுக்கிடையே கரித்துகள்கள் கம்பிபோல ஓடி மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கின்றன. படிகங்களுக்கு நடுவில் புகுந்து உட்கார்ந்து அவை ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகாமல் தடுக்கின்றன. திடீரென்று பாயும் மின்னோட்டத்தைத் தம் மேற்பரப்பில் வாங்கிவைத்து ஈயத்துக்கு நிதானமாகக் கொடுக்கின்றன. இந்த மூன்றாவதற்கு மேற்பரப்பு வேண்டும், ஏராளமாக. நம் கொட்டாங்கச்சியைச் சுட்டு, நீராவியில் வாட்டி எடுக்கும் ஆக்டிவேட்டட் கார்பனில் அது உண்டு. ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளை எல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர்போல வரும். கால் ஏக்கர். ஒரு சிட்டிகைக்குள் கால் ஏக்கர் என்பது எனக்கு இன்னும் நம்பச் சிரமமாகத்தான் இருக்கிறது. கரி மின்தேக்கிகளுக்கு உலகெங்கும் விரும்பி வாங்கப்படுவது இந்தக் கொட்டாங்கச்சிக் கரிதான்.

இப்போது பத்தியத்துக்கு வருவோம். தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். ஈய பேட்டரியின் ஒரு செல் இரண்டு வோல்ட்டுக்கு மேல். அப்படியானால் உள்ளே இருக்கும் தண்ணீர் என்றைக்கோ வாயுவாகிப் போயிருக்க வேண்டுமே? போகாததற்குக் காரணம் ஈயத்தின் சோம்பல். ஈயப் பரப்பில் ஹைட்ரஜன் குமிழி பிறப்பது பெரும்பாடு. அந்தச் சோம்பலின் தயவில்தான் 160 ஆண்டுகளுக்கு மேலாக இந்த பேட்டரி பிழைத்து வருகிறது. கரிக்கு அந்தச் சோம்பல் இல்லை. அதன் பரப்பில் ஹைட்ரஜன் எளிதாகக் கிளம்பும். வோல்ட்டேஜைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதும், சார்ஜுக்குப் போக வேண்டிய மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கப் போய்விடும்.

டியூபுலர் பேட்டரி என்றால் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொள்ளலாம். நிலையாக வைக்கும் லெட் கார்பன் பேட்டரிகள் பெரும்பாலும் மூடி முத்திரையிட்டவை. பாசிட்டிவ் தகட்டில் பிறக்கும் ஆக்ஸிஜன் உள்ளுக்குள்ளேயே நெகட்டிவுக்குப் போய்த் திரும்பத் தண்ணீராகிவிடும்படி அவற்றைக் கட்டியிருக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு அந்த வசதி இல்லை. அழுத்தம் கூடினால் வால்வு திறந்து அது வெளியே போகும், போனது போனதுதான். உள்ளே காய்ந்த பேட்டரிக்கு வெளியிலிருந்து ஒரு சொட்டு ஊற்ற முடியாது. ஆக, பழைய பேட்டரிக்குப் பகை பட்டினி, இதற்குப் பகை அஜீரணம்.

வீட்டில் இது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். நம் ஊர் இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்பக்கத்தில் விரல்நகம் அளவு ஒரு சுவிட்ச் இருக்கும். டியூபுலர், ஃபிளாட், எஸ்.எம்.எஃப். (மூடி முத்திரையிட்ட வகை) என்று எழுதியிருக்கும். டியூபுலரில் வைத்தால் சார்ஜ் 14.4இல் இருந்து 14.8 வோல்ட் வரைகூட ஏறும். டியூபுலருக்கு அது நல்லது. கொஞ்சம் கொதித்தால்தான் அடியில் தங்கும் கெட்டி அமிலமும் மேலே நிற்கும் நீர்த்த அமிலமும் கலக்கும். பழைய டியூபுலரைக் கழற்றிவிட்டு அதே கம்பியில் புதிய லெட் கார்பனை மாட்டுகிறார்கள், சுவிட்சை யாரும் தொடுவதில்லை. புது பேட்டரி தினமும் அளவுக்கு மேல் சாப்பிட்டு, இரண்டு கோடையில் பக்கம் வீங்கி நிற்கும். பழி பேட்டரிமேல் விழும்.

12 வோல்ட் லெட் கார்பனுக்குப் பொதுவாக 25 டிகிரி வெப்பத்தில் 14.1இல் இருந்து 14.4 வோல்ட் வரை ஏற்றினால் போதும். நிரம்பிய பின் தாங்கி நிறுத்தும் ஃப்ளோட் வோல்ட்டேஜ் 13.5இல் இருந்து 13.8. உங்கள் பேட்டரியின் தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணே சட்டம். சூரியமின் சார்ஜ் கன்ட்ரோலரில் ‘யூசர்’ என்று ஒரு வகை இருக்கும், அதில் இந்த எண்களை நாமே போடலாம். போட்ட பிறகு சார்ஜ் முடியும் நேரத்தில் ஒரு மல்ட்டிமீட்டரைப் பேட்டரியின் டெர்மினலிலேயே வைத்துப் பாருங்கள். திரையில் காட்டுவதும் டெர்மினலில் இருப்பதும் ஒன்றாக இராது.

சார்ஜ் ஏறும் விதத்தையும் சொல்ல வேண்டும். சாக்கில் நெல் பிடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முக்கால் சாக்கு மளமளவென்று நிரம்பும். மிச்சத்தைக் குலுக்கி, தட்டி, அமுக்கித்தான் ஏற்ற முடியும். பேட்டரியும் முதல் 80 சதவீதம்வரை கொடுத்த மின்னோட்டத்தை எல்லாம் வாங்கும். 100 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 10 ஆம்பியர் நிதானமான வேகம், லெட் கார்பன் 20 ஆம்பியரையும் தயங்காமல் வாங்கும். அதன்பின் வோல்ட்டேஜை ஒரே அளவில் பிடித்துவைக்க வேண்டும். மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வந்து, 2 ஆம்பியருக்குக் கீழே போனால் நிரம்பிவிட்டது என்று பொருள். இந்தக் கடைசிப் பகுதிக்கே நாலைந்து மணி நேரம் பிடிக்கும், பாதி மின்சாரம் சூடாகவும் வாயுவாகவும் வீணாகும். லெட் கார்பனின் லாபமே இங்கேதான். தினமும் அந்தக் கடைசிப் பிடி நெல்லுக்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 30 சதவீதத்துக்கும் 80க்கும் நடுவில் ஓட்டிக்கொண்டிருந்தால், கொடுத்ததில் பெரும்பகுதி திரும்ப வரும். அதற்காக மாதக்கணக்கில் நிரப்பாமல் விடவும் கூடாது. கரி கற்கண்டு விளைவதைத் தாமதப்படுத்துகிறதே தவிர, அடியோடு நிறுத்தவில்லை. வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை கடைசிவரை நிரப்ப வேண்டும். அடைமழைக் காலத்தில் அதற்கு ஜெனரேட்டரோ, இருந்தால் கரண்ட் லைனோ உதவ வேண்டும்.

எடுக்கும் பக்கத்திலும் ஒரு கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி என்றால் 1,200 வாட் மணி. பாதிக்குச் சற்று மேல், 660 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிஎல்டிசி மின்விசிறி 56 வாட், நாலு எல்ஈடி விளக்கு 36 வாட், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 110. ஆறு மணி நேரம் வரும். இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட்டில் தானாக நின்றுவிடுமே, அதுவரை ஓடட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த எண் பெரிய சுமைக்கானது. ஒரே ஒரு விளக்கு மெல்ல உறிஞ்சி 10.5க்கு இறக்கினால் பேட்டரியில் மிச்சம் ஒன்றுமே இராது. சிறு சுமைக்கு 11.8 வோல்ட் பக்கத்தில் நிறுத்துவது நல்லது.

வெயிலைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் பேட்டரியைப் பற்றிப் பேச முடியாது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 25 டிகிரிக்கு எழுதிய வோல்ட்டேஜை 40 டிகிரியில் கொடுத்தால் அதுவே அளவுக்கு மீறிய சார்ஜ். ஒரு செல்லுக்கு, ஒரு டிகிரிக்கு 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும் என்று வைத்தால், ஆறு செல், 15 டிகிரி, ஆக 0.36 வோல்ட். 14.2 என்று வைத்திருந்தது மே மாதத்தில் 13.84 ஆக வேண்டும். நல்ல கன்ட்ரோலரோடு ஒரு சின்ன வெப்ப உணரி ஒயர் வரும். அதைப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டவேண்டும். பல வீடுகளில் அது அட்டைப் பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தகரக் கூரைக்குக் கீழும் மொட்டைமாடி அறையிலும் பேட்டரி வைக்காதீர்கள். மாடிப்படிக்கு அடியில் நிழலாக, காற்றோட்டமாக வைக்கலாம். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், ஆகவே அதே இடத்தைப் பூஜை மாடமாகவும் ஆக்கி விளக்கேற்றுவது வேண்டாம்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, செய்வதைத் தவறாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நாலு பேட்டரியைத் தொடராக இணைத்து 48 வோல்ட் ஆக்கியிருந்தால் மாதம் ஒருமுறை சார்ஜ் முடியும் நேரத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பால் கணக்கு நோட்டு மாதிரி ஒரு நோட்டில் எழுதுங்கள். மொத்தம் 56.8 சரியாக இருக்கும். ஆனால் ஒன்று 14.8, இன்னொன்று 13.6 என்று இருக்கும். ஒருவன் பந்தியில் அளவுக்கு மேல் சாப்பிட, பக்கத்து இலைக்காரன் பசியோடு எழுந்திருக்கிறான். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. பேலன்சர் என்ற சின்னக் கருவி இதைச் சரிசெய்யும். பழையதோடு புதியதைச் சேர்க்காமல் இருப்பது அதைவிட நல்லது. டெர்மினலில் பொடி பூத்தால் இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, முறுக்கிக் கட்டி, வாசலின் தடவுங்கள். அதற்குமுன் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வையுங்கள். டியூபுலருக்குச் செய்வதுபோல ‘ஈக்வலைஸ்’ என்று வோல்ட்டேஜை ஏற்றிக் கொதிக்கவிடுவதை, தயாரித்தவர் எழுதிக் கொடுத்தால் ஒழிய, இதில் செய்யவே கூடாது. வீட்டைப் பூட்டிப் போவதானால் முழுக்க நிரப்பி, ஒயரையே கழற்றி வைத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரையாவது விட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

காரைக்குடியில் சிக்ரி என்று நாங்கள் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்டது. பேட்டரி ஆராய்ச்சி அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அதே வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பேட்டரி பட்டினியில் சாவதும் நடக்கிறது.

யார் லெட் கார்பன் வாங்கலாம்? மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் கரண்ட் போகும் ஊரில் இருந்தால் வேண்டாம். அங்கே பேட்டரி வருடம் முழுக்க நிறைவயிற்றோடு உட்கார்ந்திருக்கிறது, அரைவயிற்றைத் தாங்கும் திறமைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். டியூபுலரும் டிஸ்டில்டு வாட்டரும் போதும். தினமும் ஏற்றி இறக்கும் சூரியமின் வீட்டுக்கு, தோட்டத்துக்கு இது சரியான பொருள். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் விலை இறங்கிக்கொண்டே வருவதால் பணம் கொடுக்குமுன் அதையும் ஒருமுறை விசாரியுங்கள். ஈயத்தின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. செத்த பேட்டரியின் ஈயம் ஏறக்குறைய முழுவதும் திரும்பப் பயன்படும், ஒழுங்காக உருக்கினால். தெருவோரம் சுத்தியலால் உடைத்து உருக்கினால் அந்த ஈயம் பக்கத்து வீட்டுக் குழந்தையின் இரத்தத்தில் சேரும். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு. நூறு ரூபாய் குறைந்தாலும் புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள்.

சித்தப்பா இப்போது லெட் கார்பன்தான் வாங்கியிருக்கிறார். மாட்டிவிட்டுப் போனவர் சுவிட்சை டியூபுலரிலேயே விட்டிருந்தார். போன வாரம் போய் எஸ்.எம்.எஃப்.புக்கு மாற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து வந்தேன், 14.2 காட்டியது. உங்கள் வீட்டில் பேட்டரி மாற்றி ஒரு வருடத்துக்குள் என்றால், இன்று சாயங்காலமே இன்வெர்ட்டரைத் திருப்பி அந்தச் சுவிட்ச் எதில் நிற்கிறது என்று பாருங்கள்.